அடி சறுக்கிய யானைகள்

பெரியவன் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றான். பதினேழு வயது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, “எலும்புதானே, போட்டோவில் பார்த்துக்கறேன்” என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டு வருடம் முன்பு, ‘புதைபடிவங்களை நீங்களே தோண்டி எடுக்கலாம்’ என்ற விளம்பரத்தை நம்பி ஓரிடத்துக்கு எல்லாரையும் கூட்டிப் போயிருந்தேன். ஒரு மணல் தொட்டி, பிளாஸ்டிக் கரண்டி, அன்று காலையில் யாரோ புதைத்துவைத்த சுறாப் பற்கள். எல்லாப் பல்லும் ஒரே ஆழத்தில் கிடக்கிறது என்பதை அப்போது ஆறு வயதான சின்னவளே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து ‘தோண்டுற இடம்’ என்று நான் வாயெடுத்தாலே வீட்டில் ஒரு நமட்டுச் சிரிப்பு.

“சரி, நீ காரைப் பார்த்துக்கோ” என்று அவனை விட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் உள்ளே போனோம். நான், அவர், சின்னவள், அத்தை. அத்தை என்றால் என் மாமியார். கோடை விடுமுறைக்கு எங்களோடு இருக்க வந்தவர்.

அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தின் பிளாக் ஹில்ஸ் மலைகளின் தென்கோடியில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ராப்பிட் சிட்டியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் வரவேண்டும். ரஷ்மோர் மலையில் நாலு ஜனாதிபதிகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் பலர். நாங்களும் முதல்முறை வந்தபோது அப்படித்தான் திரும்பினோம். வீடுகளுக்கு நடுவே ஒரு மேடு, அதன்மேல் ஒரு பெரிய கூரை. வெளியிலிருந்து தெரிவது அவ்வளவுதான். பெயர் ‘மாமூத் சைட்’. மாமூத் என்றால் யானைக்குச் சொந்தமான, அழிந்துபோன பனிக்காலத்து விலங்கு.

உள்ளே போய் ஒரு கதவைத் தாண்டியதும் தரை முடிந்துவிடுகிறது. ஓரமாகச் சுற்றிப் போகும் நடைபாதை, அதன் கைப்பிடிக்குக் கீழே படிப்படியாக வெட்டி இறக்கிய மண். அந்த மண்ணிலிருந்து தந்தங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வளைந்தது, உடைந்தது, ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது. ஒரு மண்டையோடு, அதன் பக்கத்தில் வரிசை குலையாத முதுகெலும்பு. நடுவே பலகை போட்டு அதன்மேல் குப்புறப் படுத்தபடி இரண்டு பேர் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன் வருகிற மண்வாசனை இல்லை. பூட்டிவைத்த பழைய அறையின் காய்ந்த புழுதி வாசனை.

“இதெல்லாம் நிஜமா, செஞ்சு வச்சதா?” என்று அத்தை என் காதில் கேட்டார். நியாயமான கேள்விதான். பல அருங்காட்சியகங்களில் நிமிர்ந்து நிற்கும் எலும்புக்கூடுகள் வார்ப்பு எடுத்த நகல்கள். அசல் எலும்பு கனம், உடையும், ஆராய்ச்சிக்கும் வேண்டும். இங்கேயும் பக்கத்து அரங்கில் நிற்கிற முழு உருவம் நகல்தான். ஆனால் இந்தக் குழியில் கிடப்பது அத்தனையும் அசல். செத்த இடத்திலேயே, விழுந்த கோலத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். மண்ணை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்கு வழிகாட்டிப் பெண் சொன்ன காரணம் எனக்குப் புதிது. இவை கல்லாக மாறவில்லையாம். புதைபடிவம் என்றாலே எலும்பு கல்லாகியிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிலத்தடி நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எலும்புக்குள் ஊறி, அதிலுள்ள தாதுக்கள் நுண்துளைகளில் படிந்தால்தான் அது கல்லாகும். இங்கே அது நடக்கவில்லை. எலும்பு எலும்பாகவே காய்ந்து, கையில் எடுத்தால் உதிர்கிற பதத்தில் இருக்கிறது. திறந்த உடனே பசைக் கரைசலை ஊற விட்டு இறுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போவதைவிட மேலே ஒரு கூரையைப் போட்டு, உள்ளே வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுக்குள் வைப்பது புத்திசாலித்தனம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்தது ஒரு மண் தள்ளும் இயந்திரம். 1974இல் இந்த மேட்டைச் சமன்செய்து வீடு கட்டப் போனார்கள். இயந்திரத்தை ஓட்டிய ஜார்ஜ் ஹேன்சனின் கண்ணில், வெட்டிய மண்ணில் வெள்ளையாக எதுவோ பளிச்சிட்டது. இறங்கிப் பார்த்தால் ஏழடி நீளத் தந்தம், நெடுக்காகப் பிளந்து கிடக்கிறது. பிளந்தது அவருடைய இயந்திரத்தின் அலகுதான். அவர் மகன் கல்லூரியில் நிலவியல் படித்தவன், அவன் மூலமாகச் செய்தி அவனுடைய பேராசிரியர் லாரி அஜன்பிராடுக்குப் போனது. வந்து பார்த்த அஜன்பிராட் 2014இல் இறக்கும்வரை, நாற்பது வருடம், இந்த இடத்தை விடவில்லை. நிலத்துக்காரர் வீட்டுத் திட்டத்தை நிறுத்திவிட்டு, தான் வாங்கிய விலைக்கே நிலத்தைக் கொடுத்துவிட்டார். மனை போட்டு விற்கிறவர்களில் இப்படியும் ஒருவர்.

எனக்குப் பிடித்துப்போனது அந்த மேட்டின் கதை. அது முதலில் மேடே இல்லை, பள்ளம். கீழே சுண்ணாம்புப் பாறையில் ஒரு குகை, அதன் கூரை இடிந்து விழ, மேலே நிலம் உள்வாங்கி இருபது மீட்டர் அளவுக்கு ஒரு குழி உண்டானது. அடியிலிருந்து இளஞ்சூடான ஊற்றுநீர் பொங்கி அது குளமாயிற்று. சில நூறு ஆண்டுகளில் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து குளம் தூர்ந்துவிட்டது. தூர்ந்த மண் இறுகி, சுற்றியிருந்த செம்மண் களிப்பாறையைவிடக் கெட்டியானது. அப்புறம் மழையும் காற்றும் மெத்தென்ற சுற்றுப்புறத்தைக் கரைத்துக்கொண்டு போக, கெட்டியான குழி மட்டும் கரையாமல் மேடாக நின்றுவிட்டது. மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும் என்று சொல்வார்களே, அதை அச்சு அசலாக இங்கேதான் பார்த்தேன்.

சரி, யானைகள் எப்படி உள்ளே வந்தன? ஊற்றுநீர் சூடு என்பதால் சுற்றிலும் பனி மூடிக் கிடக்கும்போதும் குளத்தோரம் மட்டும் பச்சை இருந்திருக்கும். புல்லைப் பார்த்தோ தண்ணீரைப் பார்த்தோ மாமூத் ஓரத்துக்கு வருகிறது. கரை முழுக்கக் களிப்பாறை. ஈரம் பட்டால் சோப்பு போட்ட தரை மாதிரி. செங்குத்தான சரிவு. உள்ளே விழுந்தால் நீந்தலாம், நிற்கலாம், ஏறத்தான் முடியாது. ஏற ஏற வழுக்கும். களைத்தோ பட்டினியிலோ அங்கேயே முடிந்துவிடும். அது அழுகி மண் மூடி, சில வருடம் கழித்து அடுத்தது வரும்.

அவர் இதற்காகவே காத்திருந்த மாதிரி, “யானைக்கும் அடி சறுக்கும்” என்றார். வழிகாட்டிப் பெண்ணுக்கு அதை ஆங்கிலத்தில் வேறு சொன்னார். அந்தப் பெண் சிரித்து, இதை எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் இவரைப் பிடிக்க முடியவில்லை.

சின்னவளின் கணக்கு வேறு. “மொத்தம் எத்தனை?” இதுவரை 61. அதில் 58 கொலம்பிய மாமூத், 3 கம்பளி மாமூத். கொலம்பிய மாமூத்துதான் பெரியது. தோள் உயரம் நாலு மீட்டர் வரை போகும், பத்து டன் எடை இருக்கும். கம்பளி மாமூத் அதன் பக்கத்தில் தம்பி மாதிரி. எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டாள். தந்தத்தை எண்ணி இரண்டால் வகுப்பார்களாம். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “உடைஞ்ச தந்தத்தை ஒண்ணா எண்ணுவாங்களா, ரெண்டா எண்ணுவாங்களா? அந்த மிஷின்காரர் ஒடைச்சாரே, அது?” வழிகாட்டிப் பெண்ணிடம் மொழிபெயர்த்துக் கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லி, நுனியையும் வேரையும் பார்த்து எண்ணுவோம் என்றார். சின்னவளுக்கு அன்றைக்கு அது போதும். அடுத்த பத்து நிமிடம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நுனிகளை எண்ணினாள்.

மாமூத்தின் பல்லை ஒரு மேசையில் தொட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். செங்கல் அளவு, அதைவிடக் கனம். மேல்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக இல்லாமல், ஒரே திசையில் ஒட்டி ஒட்டி வரம்புகள். அத்தை விரலால் தடவிவிட்டு, “அம்மி கொத்தின மாதிரி இருக்கு” என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. அம்மியைப் போலவே இதுவும் தேயும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பல் முளைக்கும். நமக்குப் போல அடியிலிருந்து மேலே முளைப்பதில்லை. தாடையின் பின்பக்கம் முளைத்து, தேயத் தேய முன்னால் நகர்ந்து, கடைசியில் சில்லுசில்லாக உடைந்து விழும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாது, ஆயுள் முடிந்தது. அதனால் எத்தனையாவது பல், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் செத்தபோது என்ன வயது என்று சொல்லிவிடலாம். மாமூத்துக்கும் இதே கதைதான்.

அப்படிப் பார்த்ததில் இந்தக் குளத்தில் விழுந்தவை பெரும்பாலும் இளவட்டங்கள். கிழடும் குறைவு, குட்டியும் குறைவு. இடுப்பெலும்பை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லலாம். பெண்ணுக்குப் பிரசவப் பாதை அகலமாக இருக்கும். அப்படி இனம் கண்ட அத்தனையும் ஆண்.

அத்தைக்கு இதில் ஆச்சரியமே இல்லை. சின்ன வயதில் காட்டோரம் வளர்ந்தவர். “கூட்டத்துல பொம்பளைதானே முன்னால போவா. கெழவி பார்த்துப் பார்த்துக் கூட்டிட்டுப் போவா. பையன் வளர்ந்தா கூட்டத்துல இருக்க விட மாட்டாங்க. அவன் ஒத்தையா சுத்துவான். ஒத்தை யானைதான் கெணத்துல விழும்.”

அறிவியல் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். நம் ஊர் யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்துதான் நெருங்கிய சொந்தம். நடத்தையிலும் அந்த ஜாடை இருக்கும். 2017இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்களின் குழு சைபீரியாவில் கிடைத்த 98 கம்பளி மாமூத் எச்சங்களின் மரபணுவைப் பார்த்தது. 69 சதவீதம் ஆண். பிறக்கும்போது ஆணும் பெண்ணும் சரிசமமாகத்தான் இருந்திருக்கும். சகதியிலும் குழியிலும் பனிப்பிளவிலும் போய் மாட்டிக்கொண்டு, அதனாலேயே கெடாமல் நமக்குக் கிடைத்தவற்றில் ஆண்கள் அதிகம் என்பது அவர்கள் விளக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ என்ற இடத்தில் இதற்கு நேர்மாறு: அங்கே தாய்களும் குட்டிகளுமாக ஒரு கூட்டமே ஒன்றாகச் செத்திருக்கிறது. அந்தக் குழி ஒரு குடும்பத்தின் துக்கம். இது, வீட்டை விட்டுக் கிளம்பியவர்களின் குழி.

மதம் பிடிப்பதைக்கூட மாமூத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆண் கம்பளி மாமூத்தின் தந்தத்தை அடுக்கடுக்காக அரைத்துப் பார்த்தபோது, வருடாவருடம் ஆண் ஹார்மோன் எகிறி இறங்கிய தடம் அதில் இருந்தது. தந்தம் மரத்தின் வளையம் மாதிரி வருடக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் மதத்தை ‘மஸ்த்’ என்கிறார்கள், இந்தி வழியாகப் போன பாரசீகச் சொல். இத்தனை தூரம் வந்தும் யானையின் மதத்துக்கு அவர்களிடம் சொந்தமாக ஒரு வார்த்தை இல்லை என்பதில் எனக்கு அற்பமான ஒரு சந்தோஷம்.

பெயர் வைப்பதில் மட்டும் குறையில்லை. தலையில்லாமல் கிடைத்த ஒன்றுக்கு, தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு ராணி மேரி ஆன்டாய்னெட்டின் பெயர். ஏறக்குறைய முழுசாகக் கிடைத்த இன்னொன்றுக்கு நெப்போலியன் போன்-அபார்ட். போன் என்றால் எலும்பு. அவர் இதற்கும் சத்தமாகச் சிரித்தார்.

இந்த இடத்தில்தான் பின்னால் யாரோ என் தோளைத் தொட்டார்கள். பெரியவன். காரில் சூடு தாங்கவில்லையாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பிப் போய்விடுவான்.

அவனுக்கு நான் காட்டியது ஒன்றே ஒன்று. எலும்பைக் காட்டவில்லை, சுவரைக் காட்டினேன். தோண்டிய குழியின் செங்குத்தான மண் சுவரில் வண்டல் அடுக்குகள் கோடு கோடாக ஓடுகின்றன. சாம்பல், பழுப்பு, வெளிர்மஞ்சள், ஒவ்வொன்றும் விரல் தடிமன். ஓரிடத்தில் அந்தக் கோடுகள் அத்தனையும் திடீரென்று கீழே வளைந்து, ஒரு கிண்ணம் போல அமுங்கி, மறுபடி மேலேறி நேராகப் போகின்றன. மடித்து அடுக்கிய துணிமேல் முழங்கையை ஊன்றினால் மடிப்புகள் எப்படி அமுங்கும், அப்படி. அது ஒரு மாமூத்தின் காலடி. மேலிருந்து பார்க்கும் தடம் இல்லை, பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கும் தடம். சேற்றில் அது காலை ஊன்றியிருக்கிறது. அது மேலே ஏறப் பார்த்ததா, சும்மா நின்றதா, அதை மண் சொல்லாது. அந்தக் கிண்ணத்தின்மேல் படிந்த அடுத்த அடுக்கு எந்த வளைவும் இல்லாமல் மட்டமாக இருக்கிறது.

பெரியவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். “இது எத்தனை வருஷத்துக்கு முன்னாடி?”

இதற்கு ஒரு காலத்தில் 26,000 என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது சுமார் 1,40,000. நடுவில் மாறியது அளக்கும் முறை. மணல் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்த நாளிலிருந்து அதற்குள் சிறுகச் சிறுக ஆற்றல் சேர்கிறது. இருட்டில் எடுத்து ஆய்வகத்தில் தூண்டினால், சேர்த்துவைத்ததை மெல்லிய ஒளியாக உமிழ்ந்துவிடும். அந்த ஒளியை அளந்தால் எத்தனை காலம் புதைந்திருந்தது என்று தெரியும். ஒரு லட்சத்துக்கும் மேலே நகர்ந்த இந்த எண், கேள்வி ஒன்றையும் தீர்த்துவைத்தது. மனிதர்கள் வேட்டையாடித் துரத்தினார்களா என்று இனி கேட்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மனிதர்கள் இருந்ததற்கு அறிஞர்கள் ஒப்புக்கொண்ட சான்று கிடையாது. கூடவே விழுந்த குட்டைமுகக் கரடியும் ஓநாயும் பிணத்தைத் தின்ன இறங்கியவையாக இருக்கலாம். ஒட்டகம்கூட இருந்திருக்கிறது. மற்றபடி பழி போட யாருமில்லை. வழுக்கும் மண், சூடான தண்ணீர், கொஞ்சம் புல்.

அதற்கப்புறம் அவனைக் காணோம். கண்காட்சி அரங்கில், மாமூத் எலும்பாலேயே கட்டிய பழங்காலக் குடிசையின் மாதிரிக்குள் சின்னவள் புகுந்து வெளியே வர மறுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளுக்கென்று நகல் எலும்புகளை மணலில் புதைத்துத் தோண்டவிடும் வகுப்பும் உண்டு. சின்னவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுவும் ஒரே ஆழமா?” என்றாள். இல்லை, இங்கே ஒழுங்காகக் கட்டம் போட்டு, வரைபடம் வரைந்து, எது எங்கே கிடந்தது என்று குறிக்கச் சொல்லித் தருகிறார்கள். இருந்தாலும் அவளை மறுபடி நம்பவைக்க எனக்குத் தெம்பில்லை.

பெரியவன் நடைபாதையின் கடைக்கோடியில், பலகைமேல் படுத்திருந்த ஒரு தன்னார்வலரின் நேர் மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தான். அந்த அம்மாளுக்கு என் மாமியார் வயது இருக்கும். முழங்காலுக்கு அடியில் பஞ்சு மெத்தை, பக்கத்தில் வாளி, ஒரு சின்னக் கொத்தனார் கரண்டி, பெயின்ட் பிரஷ், பல் டாக்டர் வைத்திருப்பாரே அந்த மாதிரி வளைந்த ஊசி. கரண்டியால் ஒரு சிட்டிகை மண்ணைச் சுரண்டுவார், பிரஷ்ஷால் தள்ளுவார், உற்றுப் பார்ப்பார், மண்ணை வாளியில் போடுவார். வாளி நிறைந்ததும் அதில் எண் எழுதுவார். அந்த மண்ணையும் பிறகு தண்ணீரில் அலசிச் சலிப்பார்களாம், மீன் முள்ளும் நத்தை ஓடும் எலிப் பல்லும் அதில்தான் சிக்கும். ஒரு எலும்பின் விளிம்பு, கட்டைவிரல் நகம் அளவு, மண்ணிலிருந்து மஞ்சளாகத் தெரிந்தது.

“எவ்வளவு நேரமா நிக்கற?”

“நான் வந்தப்ப அது இவ்வளவுதான் தெரிஞ்சுது.” சுண்டுவிரல் நுனியைக் காட்டினான். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. “அது என்ன எலும்புன்னு அவங்களுக்கே இன்னும் தெரியாதாம். நாளைக்குத் தெரியலாம்னாங்க. அடுத்த வாரமும் ஆகலாமாம்.”

ஆகஸ்ட்டில் அவன் கல்லூரிக்குப் போகிறான், வேறு மாநிலம். அதைப் பற்றி அந்தப் பயணம் முழுக்க வீட்டில் யாரும் பேசவில்லை, பேசினால் நான் அழுவேன் என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது எனக்குத் தெரியும். அந்த நடைபாதையிலும் பேசவில்லை. கீழே அந்த அம்மாள் எலும்பின்மேல் இரண்டு சொட்டு பசைக் கரைசல் விட்டார். அது உறிஞ்சிக் கருத்தது. மூன்று பேரும் அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்தபோது சுள்ளென்று வெயில். சாலை காய்ந்து கானல் ஓடியது. பெரியவன் சாவியைக் கேட்டான். திரும்பும்போது தான் ஓட்டுவதாகச் சொன்னான். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சின்னவள் இடுக்கில் ஏறினாள், அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். வண்டி நகர்ந்து ரோட்டில் ஏறியதும் முன்னால் குனிந்து அவன் தோளைத் தொட்டார்.

“பார்த்து ஓட்டுப்பா. வழுக்கும்.”